அமெரிக்கா ரிட்டர்ன் கார்டு

இந்தத் தேசத்தில் ரிப்பேர்காரர்கள் இரண்டு ஜாதி. பார்த்த மாத்திரத்தில் 'போச்சு ஸார்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர் ஒரு ஜாதி. 'எப்பலேர்ந்து இப்படி இருக்கு?' என்று கேட்கிறவர் இன்னொரு ஜாதி. டாக்டரோ, ஸ்கூட்டர் மெக்கானிக்கோ, ஃப்ரிட்ஜ் பார்க்க வருகிறவரோ, இரண்டாவது ஜாதிக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். காபி கொடுத்து நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸ் பிழைக்கும்.

இந்த வாரம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். 'ஐயோ' என்று அவசரமாகப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில், ஒரு வயசான லேப்டாப் படுத்துக்கொண்டிருக்கிறதா இல்லையா? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு மெஷினில் இருக்க வேண்டும். ப்ராஸஸரும் அவர்கள் போட்டிருக்கும் லிஸ்ட்டில் இருக்க வேண்டும். பெண் பார்க்கிற மாதிரி ஆயிரம் நிபந்தனை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ லேப்டாப்கள் இந்தப் பரீட்சையில் ஃபெயில். கை கால் திடமாக இருக்கும்போதே ஐம்பத்தெட்டு வயசாச்சு, மாலை போட்டு வீட்டுக்குப் போ என்கிற கதை.

இப்படி ரிடையர் ஆன லேப்டாப்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிற இலவச விடுதி ஒன்று இருக்கிறது. லினக்ஸ். 1991-ல் ஃபின்லாந்து நாட்டில், ஹெல்ஸின்கி யூனிவர்ஸிடியில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயசுப் பையன் ஆரம்பித்து வைத்தது. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் மெஷினில் ஏற்றிவிடலாம். ஏற்றியதும் திரை பளிச்சென்று வரும். மௌஸ் நகரும். பாட்டு பாடும். எல்லாம் சரி.

வை-ஃபை மட்டும் வராது!

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. இப்போதெல்லாம் பெரும்பாலான மெஷின்களில் தானாக வந்துவிடுகிறது. ஆனால் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வை-ஃபை வருவதற்கு ஒரு ஃபைல் வேண்டும். அந்த ஃபைல் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக வை-ஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

* * *

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பையன். பையன் என்றால் இருபத்தாறு வயசு. வேலை போய் நாலு மாசம் ஆகிறது. கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். எனவே ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினான். அமெரிக்காவில் ஏதோ ஆபீஸில் உழைத்துக் களைத்துக் கப்பலேறி வந்த மெஷின். நாலாம் நம்பர் கட்டையில் டாலர் குறி மட்டும்தான், நம் ரூபாய் குறி இல்லை. காலேஜ் நாளிலிருந்து வைத்திருந்த பென் டிரைவில் ஒரு பழைய லினக்ஸ் இருந்தது. அதைப் போட்டான். வை-ஃபை வரவில்லை.

தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் முதல் ஜாதி. "கார்டு போச்சு தம்பி. போர்டோட சேந்து வர்றது. போர்டையே மாத்தணும். ஒன்பதாயிரம் ஆகும்."

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டு பெல் அடித்தது. பையன், அவன் கையில் லேப்டாப், பின்னால் அவன் அம்மா. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட். இரண்டு மணி நேரம். லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், செல்போன் செல்லாது. நடுவில் லைன் அறுந்தால் அவ்வளவுதான்.

"நீங்களாவது சொல்லுங்க ஸார். தோட்டைக் கழட்டித் தர்றேங்கறேன், வாங்க மாட்டேங்கறான்" என்றார் அந்த அம்மா. காதில் இருந்த ஜோடித் தோட்டைத் தவிர வேறு நகை எதுவும் நான் பார்க்கவில்லை.

"அங்கிள், கார்டு போச்சாம்."

"யார் சொன்னா?"

"கடையில."

"கார்டுகிட்ட கேட்டாங்களா?"

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நிஜமாகவே கேட்கலாம் என்பதுதான் லினக்ஸில் விசேஷம். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற ஏழெட்டு வினாடி வேலைக்கு ஆணை கொடுத்தால், போர்டில் செருகியிருக்கிற அத்தனை உருப்படிகளும் வரிசையாக எழுந்து நின்று பேர் சொல்லும். கூடவே தயாரித்த கம்பெனியின் நம்பரும் சொல்லும். லாரி நம்பரைப் பார்த்து எந்த ஊர் ஆர்.டி.ஓ. என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. இன்டெல் கம்பெனிக்கு என்ன நம்பர் தெரியுமோ? 8086. அவர்கள் 1978-ல் வெளியிட்ட பிரபலமான ப்ராஸஸரின் பேர். ஃபேன்ஸி நம்பர்!

பையனின் வை-ஃபை கார்டும் ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' என்றது. செத்த கார்டு பேர் சொல்லாது. அதற்கேற்ற டிரைவரின் பேரும் கீழேயே இருந்தது.

"அப்ப ஏன் அங்கிள் வேலை செய்யலே?"

அதையும் அதனிடமே கேட்கலாம். டி-மெஸேஜ் என்று இன்னொரு ஆணை. மெஷின் காலையில் கண் விழித்ததிலிருந்து என்னென்ன செய்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதையெல்லாம் டயரி மாதிரி எழுதி வைத்திருக்கும். பக்கம் பக்கமாக ஓடும். அதில் 'ஃபர்ம்வேர்' என்ற வார்த்தையை மட்டும் தேடினோம். இருந்தது: ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, தப்பு நம்பர் மைனஸ் இரண்டு.

மைனஸ் இரண்டு என்றால் லினக்ஸ் பாஷையில் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று அர்த்தம். போச்சும் இல்லை, கீச்சும் இல்லை. ஒரு ஃபைலைக் காணோம், அவ்வளவுதான்.

* * *

ஃபர்ம்வேர் என்பது என்ன? வை-ஃபை கார்டு என்பது தனியாக ஒரு குட்டி கம்ப்யூட்டர். ஆனால் அதற்கு மறதி ஜாஸ்தி. கரன்ட் போனால் தான் யார், என்ன உத்தியோகம் என்பதே மறந்துவிடும். ஒவ்வொரு தடவை மெஷினைப் போடும்போதும் டிரைவர் என்கிற மேனேஜர், 'நீ ஒரு வை-ஃபை கார்டு. செய்ய வேண்டிய வேலை இதெல்லாம்' என்று ஒரு சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுதான் ஃபர்ம்வேர். மேனேஜர் ஆபீஸுக்கு வந்துவிட்டார், ப்யூனும் வந்துவிட்டார், சீட்டு இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கவர்ன்மென்ட் ஆபீஸில் பார்க்காத காட்சியா?

சீட்டு ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு கொள்கைச் சண்டை. சீட்டை எழுதுவது கார்டு கம்பெனி. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பார்கள்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் காட்ட மாட்டார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கலாம் என்ற கொள்கையில் நிற்கிறவர்கள், மூடின கவரை எப்படி வீட்டுக்குள் சேர்ப்பது என்று தயங்கினார்கள். டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸில் ரொம்ப காலம் இந்தச் சீட்டுகளைத் தனி அறையில்தான் வைத்திருந்தார்கள். 2022-ல் ஓட்டெடுப்பே நடத்தினார்கள். 2023 ஜூனில் வந்த 12-வது பதிப்பிலிருந்து, ஏற்றும்போதே சீட்டும் கூட வரலாம் என்று ஆகிவிட்டது. பையனிடம் இருந்தது அதற்கெல்லாம் முந்தின காலத்துச் சரக்கு.

சரி, ஃபைலை எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் எல்லாருக்கும் உபயோகமான ஒரு குறிப்பு. ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் ஒயரால் லேப்டாப்பில் செருகி, போனின் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் தட்டிவிட்டால் போதும். லினக்ஸ் அந்தப் போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனியாக ஒன்றும் போட வேண்டியதில்லை.

"அப்ப டெஸ்ட்டையும் இதுலயே எழுதிடலாமே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பையன் போனின் ஒயர் செருகும் ஓட்டை ஆடிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் லைன் வரும், விட்டால் போய்விடும். கேபிள் செருகலாம் என்றால் அந்த ஒல்லி லேப்டாப்பில் அதற்கான ஓட்டையே கிடையாது. இரண்டு நிமிஷம் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒயரை அழுத்த, ஃபைல் இறங்கியது. மெஷினை அணைத்துப் போட்டோம்.

மூலையில் வை-ஃபை படம் முளைத்தது. தட்டினால் பதினோரு பேர். முதல் மாடி வக்கீல், இரண்டாவது மாடி டாக்டர், என் வீடு, 'தொடாதே' என்று ஒரு நெட்வொர்க், 'தொட்டுப் பார்' என்று அதற்கு எதிர்வீட்டில் ஒரு நெட்வொர்க். எல்லாம் இருந்தது.

பையன் வீட்டு வை-ஃபை மட்டும் இல்லை.

மூன்றாவது மாடிக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், ரௌட்டர் பக்கத்திலேயே வைத்தோம். ம்ஹூம். "ஊரார் வீட்டுதெல்லாம் தெரியுது, நம்ம வீட்டுது தெரியலையா?" என்றார் அம்மா. அதே இடத்தில் போனில் பார்த்தால் ஜம்மென்று தெரிகிறது. ஆக, ரௌட்டர் மேல் தப்பில்லை. கார்டு மேலும் தப்பில்லை. இல்லாவிட்டால் 'தொடாதே' எப்படித் தெரியும்?

"ராசியில்லாத மெஷின் அங்கிள்."

ராசிக்கு முன்னால் சட்டத்தைப் பார்க்கலாம் என்றேன்.

* * *

வை-ஃபை காற்றில் போகிறது, காற்று பொதுச்சொத்து என்று நினைக்கிறோம். காற்றுக்கும் லைசென்ஸ் உண்டு. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வீட்டிலும் ஆபீஸிலும் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 2005 ஜனவரியில். அந்த அலைவரிசையைச் சின்னச் சின்ன சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்தது ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பதிமூன்றாவது சேனல் 2472.

இந்தியாவில் ஒன்றிலிருந்து பதிமூன்று வரை போகலாம். அமெரிக்காவில் வை-ஃபை கார்டுகள் பதினொன்றோடு நின்றுவிடும். ஜப்பானில் பழைய காலத்து வை-ஃபைக்குப் பதினாலாவது என்று தனியாக ஒன்றுகூட இருந்தது. ஒரே கார்டு, ஊருக்கு ஊர் வேறு சட்டம். அதனால் கார்டு தயாராகும்போதே, இது எந்த நாட்டுச் சரக்கு என்று அதன் நினைவில் எழுதிவிடுவது உண்டு. மற்றதெல்லாம் மறந்தாலும் இது மட்டும் மறக்காது.

'ஐ-டபிள்யூ லிஸ்ட்' என்று ஒரு ஆணை கொடுத்தோம். கார்டு தனக்குத் தெரிந்த சேனல்களை எல்லாம் ஒப்பித்தது. 2412, 2417 என்று வந்து, 2462 வரை ஒழுங்கு. அதற்கப்புறம் 2467, 2472 இரண்டுக்கும் எதிரே 'டிஸேபிள்ட்'. அதாவது, தொடமாட்டேன்.

புரிந்துவிட்டது. கோடம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கார்டு அமெரிக்கச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறது. லீவில் வந்த அமெரிக்க மாப்பிள்ளை 'பாட்டில் தண்ணிதான் குடிப்பேன்' என்று அடம்பிடிக்கிற மாதிரி, பதினொன்றுக்கு மேல் எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறது. 'நீ இருப்பது இந்தியா' என்று லினக்ஸில் ஆணையிடலாம். ஆனால் பிறப்பிலேயே நாடு எழுதப்பட்ட கார்டு, அதைவிடக் கட்டுப்பாடு கூடினால் கேட்கும், தளர்த்தினால் கேட்காது. மாப்பிள்ளை அப்படித்தான். வழிக்கு வர வேண்டியது நாம்.

போனிலிருந்து ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தோம். பாஸ்வேர்ட் ரௌட்டரின் அடிவயிற்றில் ஸ்டிக்கரில் இருந்தது. சேனல்: ஆட்டோ. ஆட்டோ என்றாலே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மீட்டருக்கு மேல் எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் 1, 6, 11 என்று கூட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நம்மாள் ஒதுக்குப்புறமாகப் பதிமூன்றில் போய் உட்கார்ந்திருந்தது. ஆட்டோவை எடுத்துவிட்டு 1 என்று போட்டு சேமித்தோம்.

ஒரு நிமிஷம். லிஸ்ட்டில் பன்னிரண்டாவது பேர் வந்தது. பையன் வீட்டுப் பேர்.

மணி ஒன்பது இருபது. செலவு பூஜ்யம். சனிக்கிழமை பரீட்சை லைன் அறுபடாமல் நடந்தது. அந்த ரவுண்டில் தேறிவிட்டான். இன்னும் இரண்டு ரவுண்டு பாக்கி இருக்கிறது, வேலை கிடைத்ததா என்று இப்போதே கேட்காதீர்கள். அவன் அம்மாவின் காதில் தோடு இருக்கிறது. அடுத்த வாரமே புது லினக்ஸ் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். பழையதில் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது.

* * *

இந்த டிரைவர்களை எல்லாம் யார் எழுதுகிறார்கள்? 1990-களில் லினக்ஸில் நெட்வொர்க் கார்டு என்றாலே டொனால்ட் பெக்கர் என்ற பேர்தான். நாஸாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் இருந்தவர். கடையில் கிடைத்த ஈதர்நெட் கார்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக டிரைவர் எழுதிப் போட்டார். 1994-ல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து, சாதாரண 486 வகைக் கம்ப்யூட்டர்கள் 16-ஐ ஈதர்நெட்டால் இணைத்து, மலிவு விலையில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினார்கள். பேர் பேயோவுல்ஃப். இன்றைய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு அது ஒரு தாத்தா.

வை-ஃபை வந்தபோது கதை மாறியது. கார்டின் ரகசியத்தை வெளியே சொன்னால், யாராவது அலைவரிசையை இஷ்டத்துக்கு மாற்றி வம்பில் மாட்டிவிடுவார்கள் என்பது கம்பெனிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. பிராட்காம் என்ற பெரிய சில்லுக் கம்பெனி லினக்ஸ்காரர்களுக்கு விவரம் கொடுக்கவில்லை. அவர்கள் சும்மா இருந்தார்களா? இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு கோஷ்டி, ஏற்கெனவே இருந்த டிரைவரை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெறும் குறிப்பு மட்டும் எழுதியது. மற்ற கோஷ்டி அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புது டிரைவர் எழுதியது. முதல் கோஷ்டி எழுதக்கூடாது, இரண்டாம் கோஷ்டி பார்க்கக்கூடாது. காப்பி அடித்ததாக யாரும் கேஸ் போட முடியாதே! 2006-ல் அந்த டிரைவர் லினக்ஸிலேயே சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமே சில புதிய சில்லுகளுக்கு, மூலத்தோடு டிரைவரை வெளியிட்டது.

நாம் ஓசியில் வாங்கி 'வை-ஃபை வரலே' என்று அலுத்துக்கொள்கிற சரக்குக்குப் பின்னால் எத்தனை ராத்திரித் தூக்கம் போயிருக்கிறது பாருங்கள்.

* * *

இனி வெட்டி வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி. லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு நெட் வராவிட்டால், எலெக்ட்ரீஷியன் மாதிரி மெயினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல்பிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

1. கார்டு தெரிகிறதா? எல்.எஸ்.பி.சி.ஐ. கேளுங்கள். வெளியே செருகுகிற குச்சி வகைக் கார்டு என்றால் எல்.எஸ்.யு.எஸ்.பி. பேர் வந்தால் பாதி நிம்மதி.

2. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறதா? 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி. அணைத்தாலும் முழுசாக அணையாது, அரைத் தூக்கம் போடும். கார்டை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போனால், பின்னால் வருகிற லினக்ஸால் சில சமயம் எழுப்ப முடியாது. விண்டோஸை ஒருமுறை ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் அந்த வசதியை நிரந்தரமாக எடுத்துவிடலாம்.

3. சீட்டு இருக்கிறதா? டி-மெஸேஜில் ஃபர்ம்வேர் என்று தேடுங்கள். மைனஸ் இரண்டு என்றால் போன் ஒயர் வைத்தியம்.

4. சுவிட்ச் போட்டிருக்கிறதா? சிரிக்காதீர்கள். ஆர்.எஃப்.-கில் லிஸ்ட் என்று கேட்டால் இரண்டு வகைத் தடை சொல்லும். 'ஸாஃப்ட்' தடை என்றால் ஆணை கொடுத்து நீக்கலாம். 'ஹார்ட்' தடை என்றால் ஆணைக்கு அடங்காது. பழைய லேப்டாப்பின் ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அல்லது மேல் வரிசையில் ஏரோப்ளேன் படம் போட்ட கட்டை. பையைத் திறந்து மூடும்போது தானாகத் தள்ளிக்கொள்வது சகஜம்.

5. தனியாக டிரைவர் வாங்கிப் போட்டும் ஓடவில்லையா? 'செக்யூர் பூட்' என்கிற வாசல் காவல்காரர், கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டார். கையெழுத்துப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

6. மற்றவர்கள் தெரிந்து, நம்முடையது மட்டும் தெரியவில்லையா? சேனலைப் பாருங்கள். 12, 13 இருந்தால் 1, 6, 11-ல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

7. சேர்ந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கவில்லையா? உங்கள் ஐ.பி. அட்ரஸ் 169.254 என்று ஆரம்பித்தால், ரௌட்டர் அட்ரஸே கொடுக்கவில்லை. ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். அட்ரஸ் சரியாக இருந்தால் 8.8.8.8 என்ற நம்பருக்கு ஒரு பிங். பதில் வந்தும் பேர் போட்டால் திறக்காவிட்டால், பேரை நம்பராக மாற்றிக் கொடுக்கிற டி.என்.எஸ். மேல்தான் சந்தேகம்.

8. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்து அறுந்து வருகிறதா? கார்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டித் தூக்கம் போடலாம். பவர் ஸேவ் வசதியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நெட்வொர்க் கார்டின் பேர் 'டபிள்யூ.எல்.பி. 2 எஸ். 0' என்று அரக்கன் பேர் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். டபிள்யூ.எல். என்றால் ஒயர்லெஸ். பி 2 என்றால் இரண்டாம் நம்பர் தெரு. எஸ் 0 என்றால் பூஜ்யம் நம்பர் வீடு. 2013 வாக்கில் வந்த ஏற்பாடு. கார்டு மெஷினுக்குள் எங்கே குடியிருக்கிறது என்ற விலாசம்தான் அது.

இந்த எட்டும் பார்த்தும் வரவில்லை என்றால்? அப்போது கார்டு நிஜமாகவே போயிருக்கலாம். லினக்ஸிலேயே டிரைவர் இருக்கிற சில்லுதானா என்று விசாரித்து, ஒரு யு.எஸ்.பி. வை-ஃபை குச்சி வாங்கிச் செருகுங்கள். அதற்காக போர்டை மாற்ற வேண்டாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டை இடிப்பார்களா?

லினக்ஸ் என்பது ஒரு மதம் அல்ல. ஆபீஸில் விண்டோஸ் கொடுத்தால் அதிலேயே சௌக்கியமாக இருங்கள். ஆனால் பீரோவில் கிடக்கிற மெஷினைக் காயலான் கடைக்காரர் எடைக்குப் போடச் சொல்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொடுங்கள். அதன் டயரியைப் பிரித்துப் படியுங்கள். தனக்கு என்ன உடம்பு என்று அதுவே எழுதி வைத்திருக்கும்.

மனுஷர்களிடம் இந்த வசதி இல்லை. நேற்று ஆபீஸில் எங்கள் மேனேஜர் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஸாஃப்ட் தடையா, ஹார்ட் தடையா என்று கண்டுபிடிக்க ஆணை எதுவும் இல்லை. லீவு லெட்டரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.